பதினோரு கிலோ

காலையில் நிறுத்துப் பார்த்தோம்.
பக்கத்துப் பண்ணையில் இரவல் வாங்கிய
ஆட்டுத் தராசுகள் மூன்று,
சக்கரத்துக்கு ஒன்று.
ஒன்றின் விளிம்பில் இன்னும் கம்பளி ஒட்டியிருந்தது.
டாங்க் நிறையப் பெட்ரோல்.
இயன் கில்லெஸ்பியும் அவன் மைத்துனனும்
உள்ளே ஏறி மூச்சை அடக்கிக்கொண்டார்கள்,
காற்றுக்கும் எடை உண்டென்பதுபோல.
நான் எண்களைக் கூவினேன்.
இருநூற்று முப்பத்திரண்டு.
இருநூற்று முப்பத்துநான்கு.
வால்சக்கரம் நூற்று நாற்பத்தைந்து.

அறுநூற்றுப் பதினொன்று.
விதி: அறுநூறு.

இயன் இறங்கினான்.
இருக்கை மெத்தையை உருவினான், ஒரு கிலோ.
ஸ்பேனர் பை, நான்கு.
தண்ணீர் கேன், மூன்று.
"கழுதை தேயட்டும், கட்டெறும்பாகட்டும்"
என்று முனகியபடி முதலுதவிப் பெட்டி, ஒன்று.
கடைசியாகத் தீயணைப்பான், இரண்டு.
புல்மேல் வரிசையாக வைத்துவிட்டு
கையைத் துடைத்துக்கொண்டு சொன்னான்:
"இப்போது சட்டப்படி பறக்கலாம்.
தீப்பிடித்தால் சட்டத்தை ஊற்றி அணைக்கலாம்."

மாலை கூட்டம்.
தலைவர் அறுவடை இயந்திரம் வாங்கப் போயிருந்ததால்
தலைமையும் நான், குறிப்பெழுதுவதும் நான்.
ஹாங்கரில் பதினெட்டுப் பேர்,
மடக்கு நாற்காலி பன்னிரண்டு.
கதவுக்கு வெளியே கனோலா பூத்து
இருட்டிலும் மஞ்சளாகவே கிடந்தது விம்மெரா.

பொருள் ஒன்றே ஒன்று.
உடம்பு நலம் என்று விமானியே கையெழுத்திடலாம்
என்கிறது சங்கம்.
மருத்துவர் கையெழுத்திட வேண்டும்
என்கிறது ஆணையம்.
நம் கிளப் எந்தப் பக்கம்?

ட்ரெவர் ஹாஸ்கின் எழுந்தார்:
"நாற்பது டன் கோதுமை ஏற்றி
பள்ளிக்கூடத்தை ஒட்டி லாரி ஓட்டுகிறேன்.
எவனும் என் நாடி பிடிக்கவில்லை.
ஒற்றை ஆளாக மேலே போனால்
என் இதயம் அரசாங்கச் சொத்தா?"

டெஸ்மா ப்ரீ, முப்பது வருடம் அவசரப் பிரிவில் நர்ஸ்,
உட்கார்ந்தபடியே:
"லாரி நின்றால் ஓரமாக நிற்கும், ட்ரெவர்.
நீ நின்றால் யார் வீட்டுக் கூரையில்?"
"கூரையா? இங்கிருந்து அடுத்த கூரை பதினாலு கிலோமீட்டர்!"
"என்னுடையதுதான் அது."

சிரித்தார்கள். எழுதவில்லை.

கான்பெராவிலிருந்து போனில் ஒருவர்.
இனிமையான குரல்.
கேட்ட எல்லாவற்றுக்கும் பட்டும் படாமல்
"கருத்தில் கொள்ளப்படும்" என்றார்.
ஏழு தடவை. ஓரத்தில் கோடு போட்டு எண்ணினேன்.
ஒருமுறை அவர் பின்னணியில்
குழந்தை ஒன்று தண்ணீர் கேட்டது.
அதன்பிறகு அவர்மேல் கோபப்பட முடியவில்லை.

சங்கத்துக்கும் சந்தா போன வருடம் ஏறியது,
அங்கேயும் ஒரு அலுவலகம், ஒரு மேசை, ஒரு முத்திரை,
அவர்களும் குட்டி ஆணையம்தானே
என்றது பின்வரிசை.
பதில் இல்லை. தேநீர் ஆறியது.

கை தூக்கினார்கள்.
கையெழுத்து நம்முடையதே: ஒன்பது.
மருத்துவருடையது: ஒன்பது.
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

என் பையில் ஒரு படிவம் இருந்தது,
நேற்றே நிரப்பியது.
தலைசுற்றல் உண்டா? இல்லை, டிக்.
போன செவ்வாய்
கொட்டகை ஏணியின் நான்காவது படியில்
உலகம் மெல்ல இடப்பக்கம் சாய்ந்து
யோசித்துவிட்டு
திரும்பி வந்தது.
ஏணியைப் பற்றிப் படிவத்தில் கேள்வியே இல்லை.

"தலைமையின் வாக்கு: மருத்துவர்"
என்று எழுதினேன்.
ட்ரெவர் என்னிடம் விடைபெறாமல் போனார்.
காரணம் எழுதவில்லை,
விதி காரணம் கேட்பதில்லை.

விளக்கை அணைக்கப் போனபோது
இயன் புல்வெளியில் குனிந்திருந்தான்.
தீயணைப்பானை எடுத்து
இருக்கைக்கு அடியில் பழைய இடத்தில் செருகினான்.
அறுநூற்று இரண்டு.
என்னைப் பார்த்தான். நான் காற்றுப்பையைப் பார்த்தேன்.

பிறகு காரை எடுத்தேன்.
நாற்பது கிலோமீட்டர், தெருவிளக்கில்லாத சாலை,
இருபுறமும் கங்காருகளின் கண்கள்.
வீடுவரை ஓட்டிப் போனேன்.
அதற்கு என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது.